ஏரிக்கரையில் நின்ற பஸ்

ஊர் சுற்றிவிட்டு வந்தவர்களிடம் கதை கேட்டால் வழியில் பார்த்ததைச் சொல்வார்கள். இந்தப் பெண்ணிடம் கேட்டால் விழித்துக்கொண்டதைத்தான் சொல்வாள். ஓடுகிற வண்டி எதுவானாலும் சரி, ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் அவளுக்குக் கண் சொருகிவிடும். மலை போயிருக்கும், ஆறு போயிருக்கும், பக்கத்து சீட்டில் அடிதடியே நடந்திருக்கும். அவளுக்கு ஒன்றும் தெரியாது. வண்டி நின்றதும் கண்ணைத் திறப்பாள். அப்போது எதிரில் என்ன இருக்கிறதோ அதுதான் அவள் பார்த்த உலகம்.

வீட்டில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். முப்பத்தொரு வயதாகி, பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டராகவும் ஆன பிறகும் அந்தப் பெயர் விட்டுப்போகவில்லை. விடுமா? அவள் எடுத்துப் படித்ததே மயக்க மருந்து. ஆபரேஷனுக்கு முன்னால் ஆளைத் தூங்க வைத்து, முடிந்ததும் எழுப்பி விடுகிற டாக்டர். "தூங்குமூஞ்சிக்கு வேற என்ன வேலை கிடைக்கும்?" என்று அம்மா தையல் மெஷினை மிதித்துக்கொண்டே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அது கேலியா பெருமையா என்பதை, ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர்கள்தான் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

அவள் மருத்துவம் படித்தது வெளிநாட்டில், ஒரு குளிர் நகரத்தில். போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்து டிராமில் ஏறி வழக்கம்போல் தூங்கிப்போனாள். கண் விழித்தபோது அவளுடைய நிறுத்தம் போய், அடுத்தது போய், டிராம்கள் வந்து அடைகிற பெரிய கொட்டகைக்கே வந்துவிட்டிருந்தாள். வரிசை வரிசையாக விளக்கணைந்த வண்டிகள். கொட்டகையின் திறந்த பக்கத்தில் பனி சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. எதிர் சீட்டில், டிராம் ஓட்டி வந்த பருமனான அம்மாள், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாளோ! புரியாத பாஷையில் ஏதோ சொல்லி, பிளாஸ்கின் மூடியில் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த முதல் சொந்தம் அதுதான்.

இன்னொரு முறை, தீவுக்குப் போகிற படகு. கரை தட்டி எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவள் மேல் யாருடையதோ ஒரு கோட்டு போர்த்தியிருந்தது, நடுப் பொத்தான் அறுந்த பழைய கோட்டு. எழுந்து பார்த்தால், கரையில் வெறும் சட்டையோடு ஒரு கிழவர் நடுங்கிக்கொண்டு, அவள் விழிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

உள்ளூரிலும் கதைக்குப் பஞ்சமில்லை. பயிற்சி டாக்டராக இருந்தபோது கிராம மருத்துவ முகாமுக்குப் போன ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டது. நான்கு டாக்டர்களும் இறங்கி, முழங்கால் வரை சேறாகித் தள்ளி, ஜீப்பைக் கரையேற்றிவிட்டார்கள். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த இவளையும் சேர்த்துத்தான் தள்ளியிருக்கிறார்கள். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டதற்கு, எழுப்ப மனசு வரவில்லை என்றார்கள். எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். அவள் தூங்குவதைப் பார்த்தால், ஏதோ நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றிவிடும் போலிருக்கிறது.

இந்தக் கதைகளையெல்லாம் அவள் வீணாக்கவில்லை. ஆபரேஷன் மேஜையில் படுத்தவரைத் தூங்க வைக்கும்போது, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்வது பலருக்கும் வழக்கம். அவளுக்கு அது பிடிக்காது. பிழைப்போமா மாட்டோமா என்று படுத்திருக்கிற மனுஷனிடம் போய்க் கணக்குப் பரீட்சை வைப்பதா? அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, மூக்கின் மேல் மாஸ்க்கைப் பிடித்தபடி, "நான் ஒரு தடவை டிராம்ல போனேன்" என்று ஆரம்பிப்பாள். கையில் குத்தியிருக்கிற குழாய் வழியாக, பால் போல வெள்ளையாக மருந்து இறங்கும். நான்காவது வாக்கியத்தைத் தாண்டி விழித்திருந்தவர் இதுவரை யாருமில்லை.

இதில் அவளுக்கே தெரியாமல் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. கதையை ஆரம்பிக்கத்தான் தெரியும், முடிக்க வராது. கேட்கிறவர் தூங்கிவிட்டால் யாருக்காக முடிப்பது? ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் ஒருத்தி, மூன்று வருஷமாக எல்லாக் கதைகளின் முன்பாதியை மட்டுமே கேட்டு நொந்துபோனவள், "ஒரு கதையையாவது முடிச்சுத் தொலைங்க டாக்டர், வீட்டுக்குப் போனா தூக்கம் வரமாட்டேங்குது" என்பாள்.

எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது, அதிகம் பயந்தவர்களுக்கென்று எடுத்து வைத்திருந்தது, ஏரிக் கதை.

அவளுடைய அப்பா பஸ் டிரைவர். பள்ளிக்கூட லீவில் அவளையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவார். டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டி இருக்கிறதே, அதன் மேல் போர்வையை நான்காக மடித்துப் போட்டு உட்கார வைப்பார். கீழே இன்ஜின் உறுமும், பெட்டி வெதுவெதுவென்று சுடும். அப்பா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையால் பெட்டியை இரண்டு தட்டு தட்டுவார். முழித்திருக்கிறாயா என்று அர்த்தம். இவள் திருப்பி இரண்டு தட்டினால் முழித்திருக்கிறாள். பதில் வராவிட்டால் தூங்கிவிட்டாள். அதற்கப்புறம் அப்பா பள்ளம் மேடு பார்த்து இன்னும் மெதுவாக ஓட்டுவார். பணிமனையில் அவருக்கு மெத்தை என்று பட்டப்பெயர். அவர் வண்டியில் ஏறினால் கைக்குழந்தையும் அழாது என்பார்கள்.

ஏழு வயதில் ஒரு மதியம், பஸ் நின்றது. இவள் கண்ணைத் திறந்தாள். கண்ணாடிக்கு வெளியே சாலையைக் காணோம், கடையைக் காணோம். கண் கொள்ளாத அளவுக்குத் தண்ணீர். ஏரியின் மேலே வெள்ளைப் பறவைகள், நூறா இருநூறா தெரியாது, ஒரே வீச்சில் எழும்பிச் சுற்றிக்கொண்டிருந்தன. பின்னால் பஸ் முழுக்கத் தூக்கம். "ஏன்பா நிறுத்தினீங்க?" என்று கேட்டாள். "உனக்கு ஏரிய காட்டத்தான் பாப்பா" என்றார் அப்பா. அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, தண்ணீர் ஓரத்தில் நின்றார். வெயிலில் அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. போதும் என்று இவள் சொல்லியும் கீழே இறக்கிவிடாமல், இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

முன்பதிவு செய்த பஸ்ஸை, முப்பத்தாறு பேரோடு, ஒரு பொடிசுக்கு ஏரி காட்டுவதற்காக நிறுத்திய அப்பா யாருக்குக் கிடைப்பார்? குளிர் நாட்டின் ஆறு வருஷத்தையும் அந்த ஒரு மதியத்தை நினைத்துத்தான் ஓட்டினாள். ஓடுகிற வண்டியில் அவள் நிம்மதியாகத் தூங்குவதற்குக் காரணமும் அதுதான் என்று அவளுக்குத் தெரியும். யார் ஓட்டினாலும், கடைசியில் நல்ல இடத்தில்தான் நிற்கும்.

அந்த அப்பாவுக்குத்தான் இப்போது ஆபரேஷன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் மாடிப்படியில் மயங்கி விழுந்தார், பத்து நாள் கழித்து மறுபடியும். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறுகிற வால்வு கல்லாகச் சுருங்கியிருந்தது. மாற்றினால் இன்னும் இருபது வருஷம் ஜம்மென்று நடமாடலாம். இப்படியே விட்டால் ஒரு வருஷம் தாண்டுவதே சந்தேகம்.

வால்வு என்றதும் அவருக்குப் பெரிய பயமெல்லாம் வரவில்லை. "தேஞ்சு போனா மாத்த வேண்டியதுதான். எத்தனை பார்த்திருக்கேன்" என்றார். அப்புறம் யோசித்து, "இன்ஜினை ஆஃப் பண்ணிட்டா மாத்துவாங்க?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. அந்த நேரம் மட்டும் வேற ஒரு மெஷின் ரத்தத்தை ஓட்டும்."

"நான்?"

"நீங்க தூங்கிட்டு இருப்பீங்க."

அவர் வண்டியில் தூங்கி யாரும் பார்த்ததில்லை. அடுத்தவர் ஓட்டுகிற பஸ்ஸில் போனாலும் முன் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார். கல்யாணமான புதிதில் போன ரயிலில்கூட விடிய விடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாராம். "என்னைப் பார்த்திருந்தாலாவது சந்தோஷப்பட்டிருப்பேன்" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

எப்படியோ சம்மதித்து, வார்டில் வந்து படுத்துவிட்டார். அடுத்த கட்டிலில் ஒரு பேக்கரிக்காரர். ஐந்து நாளைக்கு முன்னால் ஆபரேஷன் முடிந்து, பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். இந்த டாக்டரம்மா இவருடைய மகள் என்று தெரிந்ததும் கட்டிலிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

"ஐயா, அந்த டிரைவர் நீங்கதானா? நீங்கதான் சொல்லணும். அஞ்சு நாளா மண்டை காயுது எனக்கு. மதியம், பஸ்ஸு, எல்லாரும் தூக்கம். எனக்கு ஏரிய காட்ட எங்கப்பா பஸ்ஸை நிறுத்துனாருன்னு சொன்னாங்க உங்க பொண்ணு. அதோட நான் போயிட்டேன். அப்புறம் என்ன ஆச்சு?"

அப்பா முகம் செத்துப்போய்விட்டது. "எந்த ஏரி?" என்றார்.

"மகளுக்கு ஏரிய காட்டணும்னு நிறுத்துனீங்களே, அந்த ஏரி. இங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க பாதிப் பேருக்கு உங்க ஏரி தெரியும் ஐயா."

மறுநாள் காலை ஆபரேஷன். இந்தத் தேதி தவறினால் அறுவை டாக்டருக்கு ஆறு வாரம் கழித்துத்தான் நேரம் இருக்கிறது. ஆறு வாரம் அந்த வால்வு தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு மதியம் சிஸ்டர் சம்மதக் கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினாள். அப்பா பேனாவை வாங்கி, மூடியை மாட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம்மா. வீட்டுக்குப் போறேன்."

அம்மா கத்திப் பார்த்தாள், அழுது பார்த்தாள், முந்தானையை உதறிக்கொண்டு வெளியே போய் நின்றும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. செய்தி கிடைத்து மகள் தியேட்டர் உடையோடு ஓடி வந்தபோது, அவர் வார்டுக் கோடியில் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, கீழே ஆம்புலன்ஸ்கள் பின்னால் எடுத்து நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"அந்தக் கதைய எத்தனை பேருக்கு சொல்லியிருக்க?"

அவளுக்கு விளங்கவில்லை. "நூறு பேருக்கு மேல இருக்கும். ஏன்?"

"நான் ஏரிய காட்டுறதுக்கு நிறுத்தல பாப்பா." அவர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். "மதியம் ரெண்டரை மணி. உச்சி வெயில். பஸ்ஸுல அத்தனை பேரும் தூங்கிட்டாங்க. பெட்டிய தட்டிப் பார்த்தேன், நீயும் தூங்கிட்ட. அதுல எனக்கு ஒரு பெருமை வேற, ஒருத்தர் விடாம தூங்க வெச்சிட்டோம்னு. அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியும்போது பஸ்ஸு ரோட்டுல இல்ல. சரிவுல இறங்கி புல்லு மேல போயிட்டு இருக்கு. சத்தமே இல்ல. நிறுத்திட்டுப் பார்த்தா, தண்ணிக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவுல நாலு அடி."

வார்டில் யாரோ இருமினார்கள். அவள் அப்படியே ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒருத்தர்கூட முழிக்கல. நீ மட்டும் கண்ணைத் திறந்து ஏன் நிறுத்தினீங்கன்னு கேட்ட. நான் என்னத்த சொல்லுவேன்? வாயில வந்ததை சொன்னேன். கண்டக்டர் எழுந்து வந்து கேட்டான், இன்ஜின் சூடாயிடுச்சுன்னேன். அவ்வளவுதான். உங்க அம்மாவுக்குக்கூட தெரியாது."

நனைந்த சட்டை அவள் நினைவுக்கு வந்தது. இறக்கிவிடாமல் பிடித்திருந்த கைகளும் வந்தன. வெயில் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாளே! முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தன்னிடம் இருந்த ஒரே பத்திரமான இடத்தை யாரோ வந்து பிடுங்கிக்கொண்டு போவது போல இருந்தது. அப்பாவே பிடுங்குகிறார்.

"பறவைங்க?" என்று கேட்டாள். "அதுவும் பொய்யா?"

"சீச்சீ. பறவைங்க இருந்துச்சு. கரையில உட்கார்ந்திருந்ததுங்க. பஸ்ஸு இறங்கி வர்றதைப் பார்த்து பயந்துதான் எல்லாம் பறந்துச்சு."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்த வழியிலேயே அழுகையும் வந்தது. முகமூடியைக் கழற்றி அதிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இதவிட ஒண்ணு இருக்கு," என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது. "அந்தத் தூக்கம் எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா? என் வாழ்க்கையில அப்படி நான் தூங்கினதே இல்ல. நாலு நிமிஷமா நாலு செகண்டா தெரியல. முப்பத்தாறு உசுரு, நடுவுல நீ. எனக்கு இனிக்குது. அதுலேர்ந்து தூக்கம் சுகமா வந்தாலே எனக்கு உதறுது. வீட்டுல படுத்தாலும் காலு பிரேக்கைத் தேடுது. நான் நல்லா தூங்கினா யாருக்கோ என்னமோ ஆயிடும்னு... கிறுக்குத்தனம்தான். போகமாட்டேங்குதே."

இருபத்து நான்கு வருஷம் இந்த மனுஷன் தூங்கவில்லை. தூங்காமல் ஓட்டித்தான் தன்னைக் கடல் தாண்டிப் படிக்க வைத்தார். அந்தக் காசில் போன ஊரிலெல்லாம் தான் நிம்மதியாகத் தூங்கினோம். இது அவளுக்கு உறைத்தபோது கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலப்பா," என்றாள்.

"ஆகல. ஆனா..."

"ஆகல. நான் இருக்கேன் பாருங்க." அவர் கையை எடுத்துத் தன் தலை மேல் வைத்துக்கொண்டாள். அவர் கையை எடுக்கவில்லை. ஆனால் காகிதத்தில் கையெழுத்துப் போடவும் அவர் தயாராக இல்லை.

டாக்டராக அவளுக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் அம்மா ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதனால் வேறு விதமாகக் கேட்டாள்.

"அப்பா, ஒரு வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி நீங்க என்ன பார்ப்பீங்க?"

"டிரைவரைப் பார்ப்பேன்."

"சரி. டிரைவரைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

சொந்த அப்பாவுக்கு அவளே மயக்க மருந்து கொடுக்கக் கூடாது. கை நடுங்கும் என்பதால் அங்கே அப்படி ஒரு ஏற்பாடு. கொடுக்கப் போகிறவர் அவர்கள் பிரிவின் தலைமை டாக்டர். அறுபதை நெருங்குகிற பெண்மணி. பெரிய மேடம் என்றால் அறுவை டாக்டர்களே எழுந்து நிற்பார்கள். அந்த மேடம் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார். "எத்தனை வருஷம் சர்வீஸ் மேடம்?"

"முப்பத்திரண்டு."

"நேத்து எத்தனை மணி நேரம் தூங்குனீங்க?"

முப்பத்திரண்டு வருஷத்தில் எந்த நோயாளியும் அவரை இதைக் கேட்டதில்லை. பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றினார். மகளுக்கு வேர்த்தது.

"ஆறரை," என்றார் மேடம். "இன்னைக்கு ஒன்பது மணிக்குள்ள படுத்துடுவேன்."

"சாப்பாடு?"

"காலையில ரெண்டு பிரெட்டு, ஒரு காப்பி."

"அது போதும். வயிறு நிறைய சாப்பிட்டா கண்ணு சொருகும். ஓடிட்டு இருக்கும்போது நடுவுல எழுந்து போவீங்களா?"

"நான் எழுந்து போகணும்னா, இன்னொரு டாக்டர் வந்து உங்க தலைமாட்டுல உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருப்பேன். ஆள் இல்லாம ஒரு நிமிஷம்கூட விடமாட்டோம். எங்க வேலையே அதுதான் ஐயா. வெட்டுறது தைக்கிறதெல்லாம் அவங்க. நாங்க ரோட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்போம்."

அப்பா தலையாட்டினார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மதியம் இரண்டு மணிக்குள் வண்டி ஓரம் கட்டிவிட வேண்டும், அதற்கு மேல் எப்பேர்ப்பட்ட ஆளையும் நம்ப முடியாது. காலை ஏழரைக்கு ஆரம்பித்தால் ஒரு மணிக்கு முடிந்துவிடும் என்று மேடம் சொன்னார். எழுந்து போகும்போது மகளிடம், "என் டிபார்ட்மெண்டுக்கு ஆள் எடுக்கும்போது உங்கப்பாவை வந்து உட்கார வைக்கணும்" என்றார். மேடம் சிரித்து அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

அப்பா பேனாவைக் கேட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு மகளைப் பார்த்தார். "நீயும் பக்கத்துல இருப்பியா?"

"இருப்பேன். மருந்தைத் தொடமாட்டேன், பேச்சு மட்டும்."

"கண்ணை மூடக்கூடாது. நான் தட்டுற வரைக்கும்."

"மூடமாட்டேன்பா."

தூங்குமூஞ்சியிடம் இப்படி ஒரு சத்தியத்தை வாங்கியதற்கு அம்மாவே கொஞ்சம் கவலைப்பட்டாள்.

காலையில் தியேட்டரில் குளிர் அதிகமாக இருந்தது. அப்பாவின் மார்பில் வயர்களை ஒட்டி, கையில் குழாயைப் பொருத்தி, திரையில் பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. பெரிய மேடம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மகள் இடது கைப் பக்கம், முக்காலியில். அப்பா மேலே விளக்கைப் பார்த்தபடி, மேஜையின் ஓரத்து இரும்புச் சட்டத்தை இரண்டு தட்டு தட்டினார். அவள் இரண்டு தட்டினாள்.

"ஏரிக் கதைய சொல்லு," என்றார். "உள்ளது உள்ளபடி."

மேடம் மருந்தை ஏற்றத் தொடங்கினார். அவள் சொன்னாள்.

"மதியம் ரெண்டரை மணி. எங்கப்பா பஸ் ஓட்டுறாரு. ஒருத்தர் விடாம எல்லாரையும் தூங்க வெச்சிட்டாரு. அவருக்கும் தூக்கம் வந்துடுச்சு. பஸ்ஸு மெதுவா ரோட்டை விட்டு இறங்குது. புல்லு மேல போகுது. சத்தமே இல்ல..."

சட்டத்தை இரண்டு தட்டு தட்டினாள். பதில் இல்லை. அவருடைய வலது கால் ஒரு முறை முன்னால் அழுந்தி, பிறகு தளர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தது.

"தூங்கிட்டாரு," என்றார் மேடம்.

அவள் நிறுத்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையை, கேட்கிறவர் தூங்கிய பிறகும் சொல்லி முடித்தாள். நாலு அடி மிச்சம் வைத்து பஸ் நின்றதையும், பறவைகள் பயந்து எழும்பியதையும், சட்டை நனைந்த ஒரு மனுஷன் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதையும் சொன்னாள். தியேட்டர் சிஸ்டர் கத்தரிகளை அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆபரேஷன் முடிந்தது. நிறுத்திய இதயம் மறுபடி கிளம்பியபோது முதலில் தடுமாறி, அப்புறம் சீராக ஓட ஆரம்பித்தது. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். தீவிர சிகிச்சை அறைக்கு அப்பாவைக் கொண்டுவந்த பிறகு கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மணி இரண்டு ஆயிற்று, இரண்டரை ஆயிற்று. யார் வந்து கூப்பிட்டும் சாப்பிடப் போகவில்லை. வயிறு நிறைந்தால் கண் சொருகுமே. நாலரை மணி சுமாருக்கு அப்பாவின் விரல்கள் அசைந்தன. தொண்டையில் இன்னும் குழாய் இருந்ததால் பேச முடியாது. கை மெல்ல நகர்ந்து கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்தது. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு.

அவள் இரண்டு தட்டினாள். தட்டிவிட்டு, கம்பி மேல் தலையை வைத்தாள்.

அதற்கப்புறம் நடந்ததை சிஸ்டர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். டூட்டி டாக்டர் வந்து குழாயை எடுத்திருக்கிறார். நினைவு சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க, சிஸ்டர் காதுக்குப் பக்கத்தில் போய் உரக்கக் கூப்பிட்டிருக்கிறாள். "ஐயா, இங்க பாருங்க! எங்க இருக்கீங்கன்னு தெரியுதா?" அப்பா பதில் சொல்லாமல் கம்பியை இரண்டு தட்டினாராம். மகளிடமிருந்து பதில் தட்டு வராததால் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாராம். பிறகு விரலை உதட்டில் வைத்து, கரகரத்த குரலில், "மெதுவா பேசும்மா. பாப்பா தூங்குது" என்றாராம். மெஷின்களின் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அவள் கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் இருந்தது. கன்னத்தில் கம்பியின் தடம் பதிந்திருந்தது. தோளில் யாரோ ஆஸ்பத்திரிப் போர்வையைப் போர்த்தியிருந்தார்கள். எதிரில் அப்பா, தலையணையில் சாய்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரமாப்பா முழிச்சிருக்கீங்க? எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்ப மனசு வரல."

வாயை நனைக்க ஈரப்பஞ்சு வைத்தாள். அவர் சப்பிக்கொண்டார். வெளியே, கண்ணாடிக் கதவுக்கு அப்பால், அம்மா மூக்கை அழுத்திக்கொண்டு உள்ளே பார்ப்பது தெரிந்தது.

"நல்லா தூங்கினேன் பாப்பா," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "சுகமா இருந்துச்சு." இன்னும் ஏதோ கேட்க வேண்டியிருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது, காத்திருந்தாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல இல்ல?"

"ஆகலப்பா," என்றாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகல. நீங்க தூங்குங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சிறிது நேரம் கழித்து அவள் கம்பியை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். பதில் வரவில்லை, மூச்சு மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது.